உடல்நலக் குறைவால் படிப்பை இடையில் நிறுத்த வேண்டி வந்தால்: கல்லூரி மாணவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

செமஸ்டர் நடுவில் உடம்புக்கு முடியாமல் போனால் நிறைய மாணவர்கள் சத்தமில்லாமல் கல்லூரிக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள். டியூட்டர் போன் செய்தால் "ரெண்டு நாள்ல வந்துடறேன் சார்" என்கிறார்கள். ரெண்டு நாள் ஒரு மாதமாகிறது. அட்டெண்டன்ஸ் சரிகிறது, தேர்வுக்குப் பதிவு செய்யும் கடைசித் தேதியும் தாண்டிவிடுகிறது. அதற்குப் பிறகு அப்பா மருத்துவமனை ஃபைலோடு முதல்வர் அறை வாசலில் போய் நிற்கிறார். பல்கலைக்கழகப் பதிவில் அதற்குள் அந்தப் பிள்ளை "வருகை போதாதவர்" ஆகிவிட்டிருப்பார்.

அதே நோய், அதே விடுப்பு. ஒரு கடிதம் உரிய தேதிக்குள் போயிருந்தால் அது "அங்கீகரிக்கப்பட்ட இடைவெளி" என்று பதிவாகியிருக்கும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பட்டச் சான்றிதழ் வரைக்கும் கூடவே வருகிறது. உடம்பு சரியில்லாதபோது விதிப் புத்தகம் படிக்க யாருக்கும் தெம்பு இருக்காது என்பதால், படிக்க வேண்டியதை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் பி.இ., பி.டெக். படிப்பவர்களை முன்வைத்து எழுதுகிறேன். தன்னாட்சிக் கல்லூரிகளிலும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலும் எண்களும் தேதிகளும் மாறும். செய்ய வேண்டிய வேலைகள் பெரும்பாலும் இவைதான். உங்கள் கல்லூரி இணையதளத்தில் "ரெகுலேஷன்ஸ்" என்ற பெயரில் ஒரு பி.டி.எஃப். இருக்கும். அதில் அட்டெண்டன்ஸ், வித்ட்ராயல் (தேர்விலிருந்து விலகல்), பிரேக் ஆஃப் ஸ்டடி (படிப்பில் இடைவெளி) என்ற மூன்று பகுதிகளை மட்டும் படித்தால் போதும்.

படி 1: தகவல் சொல்லுங்கள், எழுத்தில்

சில நாட்களுக்கு மேல் வகுப்புக்குப் போக முடியாது என்று தெரிந்தவுடனே டியூட்டருக்கும் துறைத்தலைவருக்கும் தகவல் போக வேண்டும். போனில் பேசினாலும், பேசியதையே நாலு வரி மின்னஞ்சலாக அனுப்பிவையுங்கள். எந்தத் தேதியில் சொன்னீர்கள் என்பதற்கு அதுதான் பிற்பாடு சாட்சி. மாணவர் படுக்கையில் இருந்தால் வீட்டில் யார் வேண்டுமானாலும் எழுதலாம்:

"வணக்கம் மேடம். உங்கள் வகுப்பில் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவியின் அக்கா எழுதுகிறேன். தங்கைக்கு மஞ்சள் காமாலை. நேற்று மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். குறைந்தது மூன்று வாரம் ஓய்வு வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அட்மிஷன் சீட்டை இணைத்திருக்கிறேன். இன்டர்னல் தேர்வுக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்."

கீழே மாணவரின் பெயரும் பதிவு எண்ணும் போட்டால் முடிந்தது. விடுதியில் இருப்பவர்கள் வார்டனுக்கும் தனியாகச் சொல்லி, எந்தத் தேதியில் வெளியேறினீர்கள் என்பதைப் பதிவேட்டில் எழுதிவிட்டு வர வேண்டும். மெஸ் கட்டணக் கழிவு கேட்க அந்தத் தேதிதான் ஆதாரம்.

படி 2: நாட்களை எண்ணுங்கள்

தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும். மருத்துவமனையில் சேர்ந்தது, விபத்து, நோய் போன்ற காரணங்களுக்காக 65 சதவீதம் வரை தளர்த்துவார்கள். அதற்கு மருத்துவச் சான்றும் முதல்வரின் பரிந்துரையும் வேண்டும். 65-க்குக் கீழே போனால் அந்த செமஸ்டர் தேர்வு கிடையாது, அடுத்த ஆண்டு அதே செமஸ்டரை மறுபடி படிக்க வேண்டும்.

செமஸ்டரில் 90 வேலை நாட்கள் என்று வைத்துக்கொள்வோம். 75 சதவீதத்துக்கு 68 நாள் வந்திருக்க வேண்டும், அதாவது 22 நாள் வரை விடுப்பு எடுக்கலாம். 65 சதவீதத்துக்கு 59 நாள், விடுப்பு 31 நாள். ஞாயிறும் அரசு விடுமுறைகளும் இந்தக் கணக்கில் வராது. அதனால் டெங்கு வந்து மூன்று வாரம் படுத்தவர் பெரும்பாலும் தப்பிவிடுவார். மஞ்சள் காமாலையில் ஒரு மாதம் போனாலும் மற்றபடி ஒழுங்காக வந்தவராக இருந்தால் சமாளிக்கலாம். ஏற்கெனவே ஊர்த் திருவிழாவுக்கும் அண்ணன் கல்யாணத்துக்கும் பத்து நாள் போட்டவருக்கு அதே ஒரு மாதம் ஆபத்து.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். மெடிக்கல் சர்டிஃபிகேட் கொடுத்தால் அந்த நாட்களுக்கு வருகை போட்டுவிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். போட மாட்டார்கள். ஓ.டி. (ஆன் டியூட்டி) என்பது போட்டிக்கும் கருத்தரங்குக்கும் கல்லூரி சார்பாகப் போனவர்களுக்கு. நோய்க்கான சான்று, குறைந்த வருகையை மன்னிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமையை மட்டுமே தருகிறது. அதற்கும் 65 என்ற கோடு இருக்கிறது.

கலை அறிவியல் கல்லூரிகளில் வருகை வரம்புகள் கொஞ்சம் வேறு. பல பல்கலைக்கழகங்களில் 65 முதல் 75 வரை இருந்தால் கண்டோனேஷன், அதாவது வருகைக் குறைவை மன்னிப்பதற்கான, கட்டணம் கட்டித் தேர்வு எழுதலாம். 50 முதல் 65 வரை என்றால் இந்த முறை எழுத முடியாது, அடுத்த முறை எழுதலாம். 50-க்கும் கீழே போனால் மறுபடி படிக்க வேண்டும். மருத்துவம், நர்சிங், சட்டம் போன்ற படிப்புகளுக்கு அந்தந்தக் கவுன்சிலின் விதிகள் தனி.

படி 3: எந்த வழி என்று முடிவெடுங்கள்

வழிகள் நான்கு. உங்கள் நிலைமைக்குப் போதுமான மிகச் சிறிய வழியைத் தேர்ந்தெடுங்கள். பயந்துபோன குடும்பங்கள் நேரே நான்காவதுக்குப் போய்விடுகின்றன.

முதல் வழி கண்டோனேஷன். வருகை 65-க்கு மேல் இருந்து, தேர்வு நேரத்தில் உடம்பு தேறிவிடும் என்றால் இதுவே போதும். கையில் எலும்பு முறிவு மாதிரியான சிக்கல் என்றால் எழுத்தருக்கு, அதாவது ஸ்க்ரைபுக்கு, முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். எழுத முடியாது என்பதற்காகத் தேர்வையே விட வேண்டியதில்லை.

இரண்டாவது, தேர்விலிருந்து வித்ட்ராயல். வருகை இருக்கிறது, தேர்வு எழுதத் தகுதி இருக்கிறது, ஆனால் தேர்வு நேரத்தில் படுக்கையில் இருப்பீர்கள் என்றால் இது உங்களுக்கான வழி. ஒரு தாளுக்கும் கேட்கலாம், எல்லாத் தாள்களுக்கும் கேட்கலாம். ஆனால் படிப்புக் காலம் முழுவதிலும் ஏதாவது ஒரே ஒரு செமஸ்டர் தேர்வுக்குத்தான் இந்தச் சலுகை. தேர்வு தொடங்குவதற்குப் பத்து நாள் முன்பே விண்ணப்பம் போக வேண்டும், முதல்வர் பரிந்துரைத்து தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் ஒப்புதல் தர வேண்டும். திடீரென்று நேர்ந்த அவசரங்களில் பத்து நாள் விதியைத் தளர்த்தவும் இடம் உண்டு. விபத்து முந்தின நாள்தான் நடந்தது என்றால் தயங்காமல் கேளுங்கள்.

வித்ட்ராயல் வாங்கிய தாள் ஒரு முயற்சியாகக் கணக்கில் வராது. முதல் முயற்சியிலேயே எல்லாத் தாள்களிலும் தேறியிருக்க வேண்டும் என்ற டிஸ்டிங்ஷன் நிபந்தனைக்கும் அதனால் பாதிப்பில்லை. விண்ணப்பிக்காமல் சும்மா ஆப்சென்ட் ஆனால் அது அரியர்.

மூன்றாவது, பிரேக் ஆஃப் ஸ்டடி. வருகை எப்படியும் எட்டாது, அல்லது சிகிச்சை மாதக்கணக்கில் போகும் என்றால் இதுதான். ஒரே தவணையாக அதிகபட்சம் ஓர் ஆண்டு. மிகவும் அசாதாரணமான சூழ்நிலையில் இன்னொரு ஆண்டும் கேட்கலாம், அதற்குத் தனிக் கட்டணம். செமஸ்டர் நடுவில் நிறுத்துவதாக இருந்தால், அந்த செமஸ்டர் தேர்வுக்குப் பதிவு செய்யும் கடைசித் தேதிக்குள் முதல்வர் வழியாகப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போயிருக்க வேண்டும். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு தேதியைக் குறித்துக்கொள்வதாக இருந்தால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தேதி ஏன் அவ்வளவு முக்கியம்? டிஸ்டிங்ஷனோடு பட்டம் வாங்க ஐந்து ஆண்டுக்குள் முடித்திருக்க வேண்டும், அனுமதி பெற்ற ஓராண்டு இடைவெளி அந்த ஐந்துக்குள் அடங்கும். கூடவே, வருகைக் குறைவால் எந்த செமஸ்டரிலும் தடுக்கப்பட்டிருக்கக் கூடாது என்று இன்னொரு நிபந்தனை இருக்கிறது. கடிதம் கொடுக்காமல் இருந்து தடுக்கப்பட்டவருக்கு, அந்தக் காலத்தை அனுமதி பெற்ற இடைவெளியாகப் பின்னால் மாற்றித் தர மாட்டார்கள். 9 பாயின்ட் சி.ஜி.பி.ஏ. வைத்திருக்கும் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

"நாலு மாசம் சிகிச்சைக்கு எதுக்கு ஒரு வருஷம்?" என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஐந்தாம் செமஸ்டர் ஆண்டுக்கு ஒரு முறைதான் நடக்கிறது. ஆகஸ்டில் அதை விட்டவர் அடுத்த ஆண்டு ஜூனியர் பேட்ச் ஐந்தாம் செமஸ்டருக்கு வரும்போதுதான் சேர முடியும். அதனால் அக்டோபர் கடைசியில் நோய் வந்தவர் அவசரப்பட்டு பிரேக் எடுக்கக் கூடாது. வருகை ஏற்கெனவே போதுமான அளவு இருந்தால் தேர்வுக்கு மட்டும் வித்ட்ராயல் வாங்கிக்கொண்டு, அடுத்த செமஸ்டரைத் தன் பேட்ச்சோடே தொடரலாம். ஒரு வருடம் மிச்சம். காசநோய் என்று தெரிந்ததும் ஒரு வருடம் போச்சு என்று உட்கார்ந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். மாத்திரை குறைந்தது ஆறு மாதம் சாப்பிட வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் சாதாரண வகைக் காசநோயில் சிகிச்சை தொடங்கிச் சில வாரங்களிலேயே தொற்றும் தன்மை பெரிதும் குறைந்து, டாக்டர் அனுமதியோடு வகுப்புக்குத் திரும்ப முடிகிறது. முடிவெடுக்கும் முன் டாக்டரிடம் "எந்தத் தேதியிலிருந்து வகுப்பில் உட்காரலாம்?" என்று நேராகக் கேளுங்கள்.

நான்காவது, டி.சி. வாங்கிக்கொண்டு முழுவதுமாக விலகுவது. டி.சி. கைக்கு வந்துவிட்டால் அந்த இடம் உங்களுடையதல்ல. கவுன்சிலிங்கில் கிடைத்த சீட்டாக இருந்தால் மறுபடி முதலாம் ஆண்டிலிருந்துதான். நோய் நீண்ட காலத்துக்கு இருக்கப் போகிறது, அல்லது அந்தப் படிப்பின் உடலுழைப்பு இனித் தாங்காது என்று மருத்துவர் தெளிவாகச் சொன்னால் மட்டும் இந்தப் பக்கம் வாருங்கள். வீட்டிலிருந்தே படிக்க தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. மற்றவர்கள், அலுவலகத்தில் யாராவது "பேசாம டி.சி. வாங்கிட்டுப் போயிடுங்க" என்று சொன்னாலும் வாங்காதீர்கள். "பிரேக் ஆஃப் ஸ்டடி ஃபார்ம் கொடுங்க சார்" என்று கேளுங்கள்.

எந்த வழியில் போனாலும் நான்கு ஆண்டுப் பொறியியல் படிப்பை ஏழு ஆண்டுக்குள் முடித்தாக வேண்டும். பிரேக் எடுத்த காலமும் அந்த ஏழுக்குள்தான்.

படி 4: மருத்துவச் சான்று

"உடல்நலக் குறைவால் ஓய்வு தேவை" என்று ஒற்றை வரி எழுதிய சீட்டு எங்கேயும் நிற்காது. சான்றில் இவ்வளவும் இருக்க வேண்டும்: மாணவரின் முழுப்பெயர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வகுப்புக்கு (அல்லது தேர்வுக்கு) வர இயலாது, மருத்துவரின் பெயர், கையொப்பம், பதிவு எண், முத்திரை, சான்று கொடுத்த நாள். மருத்துவமனையில் சேர்ந்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி இதைவிட வலுவான ஆவணம். ஒரிஜினலைக் கொடுத்துவிடாதீர்கள். காட்டிவிட்டு நகல் கொடுங்கள், எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வையுங்கள். தேர்வு முடிந்த பிறகு முன்தேதியிட்டு வாங்கும் சான்றுகளைக் கல்லூரிகள் சந்தேகத்தோடுதான் பார்க்கின்றன. உண்மையாகவே நோயாக இருந்தவர்களும் அந்தச் சந்தேகத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். நோய் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள்.

மனநலப் பிரச்சினையும் நோய்தான், இந்த வழிகள் எல்லாம் அதற்கும் பொருந்தும். மனச்சோர்வால் மூன்று மாதம் அறையை விட்டு வெளியே வராத பிள்ளைக்குக் கால் முறிந்த பிள்ளைக்கு இருக்கும் அதே உரிமை இருக்கிறது. நோயின் பெயர் வகுப்பு முழுக்கப் பரவிவிடுமோ என்ற பயத்தில்தான் பலர் விண்ணப்பிப்பதே இல்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 சிகிச்சை பெறுபவரின் தகவலை ரகசியமாகக் காக்கும் உரிமையைத் தருகிறது. சான்றில் எவ்வளவு விவரம் எழுதுவது என்று மருத்துவரிடம் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். விரிவான ஃபைலை டியூட்டர் மேசையில் வைக்காமல் மூடிய உறையில் முதல்வரிடம் கொடுங்கள். இப்போதே பேச ஆள் வேண்டும் என்றால் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

படி 5: விண்ணப்பம்

படிவம் கல்லூரி அலுவலகத்தில் கிடைக்கும். அதோடு ஒரு கடிதமும் வையுங்கள். சுருக்கமாக, தேதிகளோடு:

பெறுநர்: முதல்வர் அவர்கள்
வழி: துறைத்தலைவர் அவர்கள்
பொருள்: மருத்துவக் காரணத்தால் ஐந்தாம் செமஸ்டரில் பிரேக் ஆஃப் ஸ்டடி அனுமதி கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,
நான் மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் துறையில் படிக்கிறேன் (பதிவு எண் ...). ஆகஸ்ட் 4 அன்று எனக்கு முதுகுத்தண்டு அறுவை சிகிச்சை நடந்தது. டிசம்பர் 15 வரை பயணம் செய்யவோ நீண்ட நேரம் உட்காரவோ கூடாது என்று மருத்துவர் கூறியுள்ளார். எனவே நடப்பு ஐந்தாம் செமஸ்டரிலிருந்து ஓராண்டு இடைவெளி எடுத்து, அடுத்த கல்வியாண்டின் ஐந்தாம் செமஸ்டரில் மீண்டும் சேர அனுமதிக்க வேண்டுகிறேன். மருத்துவச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி நகல்கள் இணைப்பில் உள்ளன.

மாணவர் கையொப்பம், பெற்றோர் கையொப்பம், தேதி. திரும்பச் சேரும் காலத்தைக் கடிதத்தில் கட்டாயம் எழுத வேண்டும், விதியே அதைக் கேட்கிறது. இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், ஒன்றில் "பெறப்பட்டது" என்று தேதியோடு முத்திரை வாங்கி வாருங்கள். முத்திரை தர மறுத்தால் அஞ்சலகத்துக்குப் போய், பட்டுவாடா ஆனதற்கான ஒப்புகையோடு விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள்.

கடிதம் கொடுத்ததோடு வேலை முடியவில்லை. கல்லூரி அதைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியதா என்று வாரம் ஒரு முறை கேளுங்கள். அனுமதி ஆணையின் நகல் கைக்கு வரும் வரைக்கும் விடாதீர்கள். அலுவலக மேசையில் தூங்கிய கடிதத்துக்குப் பலன் எதுவும் இல்லை.

படி 6: பணம்

முதலாம் ஆண்டில் சேர்ந்தவுடனே விலக நேர்ந்தால், பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வெளியிட்ட கட்டணத் திருப்ப அறிவிப்பைச் சுட்டிக் கேளுங்கள். சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்பாக விலகினால் முழுத் தொகை, அதிலிருந்து நடைமுறைச் செலவாக 5 சதவீதம் வரை, அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடிக்கலாம். 15 நாளுக்கும் குறைவாக இருக்கும்போது விலகினால் 90 சதவீதம். கடைசித் தேதிக்குப் பிறகு 15 நாளுக்குள் 80, 30 நாளுக்குள் 50. அதற்கு மேல் ஒன்றுமில்லை. காஷன் டெபாசிட், அதாவது சேரும்போது கட்டிய பாதுகாப்பு வைப்புத்தொகை, மட்டும் எப்போது விலகினாலும் முழுவதும் திரும்ப வேண்டும். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைப்பதையும் அதே அறிவிப்பு தடுக்கிறது. விலகுகிற மாணவரிடம் மீதி ஆண்டுகளின் கட்டணத்தைக் கேட்கக் கூடாது என்று அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமமும் சொல்லியிருக்கிறது. "நாலு வருஷ ஃபீஸையும் கட்டினாத்தான் சர்டிஃபிகேட்" என்று யாராவது சொன்னால் அதை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் எழுதித் தர மாட்டார்கள்.

கல்விக் கடன் இருந்தால் வங்கிக் கிளைக்கு அனுமதி ஆணையின் நகலோடு கடிதம் கொடுங்கள். வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், குறித்த காலத்தில் முடிக்க முடியாதவர்களுக்கு இரண்டு ஆண்டு வரை நீட்டிப்புத் தர இடமுண்டு. சொல்லாமல் விட்டால் வங்கி பழைய தேதியிலிருந்தே தவணையைத் தொடங்கிவிடும். மத்திய அரசின் வட்டி மானியம் பெறுபவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: படிப்பை இடையில் விட்டவருக்கு மானியம் இல்லை என்பது பொது விதி, மருத்துவக் காரணத்தால் விட்டவருக்கு மட்டும் விலக்கு. கல்லூரித் தலைவர் ஏற்கும்படியான மருத்துவ ஆவணங்கள் இருக்க வேண்டும். படி 4-இல் சேர்த்த ஃபைல் இங்கேயும் உதவும்.

உதவித்தொகை, முதல் பட்டதாரிச் சலுகை, 7.5 சதவீத இட ஒதுக்கீட்டுக் கட்டணம், புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் இவற்றில் எது வந்தாலும் கல்லூரியின் ஸ்காலர்ஷிப் பிரிவில் இடைவெளியைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். திரும்பி வரும்போது அதைத் தொடர என்ன செய்ய வேண்டும் என்பதையும் பிரேக் எடுக்கும் முன்பே கேட்டு வையுங்கள்.

மறுத்தால்

ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்க் குழு இருக்க வேண்டும் என்பது மானியக் குழுவின் 2023 ஒழுங்குமுறை. புகார் கொடுத்த 15 வேலை நாட்களுக்குள் குழு பதில் தர வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம், அதாவது ஆம்பட்ஸ்பர்சனிடம், மேல்முறையீடு செய்யலாம். இதற்கெல்லாம் போகாமலே துறைத்தலைவரோடு உட்கார்ந்து பேசினால் முடிகிற விஷயங்கள்தான் அதிகம். ஆனால் தேதி நெருங்கும்போது பேச்சை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

படி 7: திரும்பி வருவது

செமஸ்டர் தொடங்கும் நாளில் பையோடு போய் நின்றால் வகுப்பில் உட்கார வைக்க மாட்டார்கள். ரீஅட்மிஷன் கோப்பு கல்லூரியிலிருந்து தொழில்நுட்பக் கல்வி இயக்ககம், பல்கலைக்கழகம் என்று சுற்றி வர நேரம் பிடிக்கும். ஓரிரு மாதம் முன்பே மருத்துவத் தகுதிச் சான்று, பிரேக் அனுமதி ஆணை, இதுவரையிலான மதிப்பெண் பட்டியல்கள் மூன்றையும் வைத்து விண்ணப்பியுங்கள்.

இடைவெளியில் பாடத்திட்டம் மாறியிருக்கலாம். திரும்பச் சேரும்போது நடப்பில் இருக்கும் ஒழுங்குமுறையே உங்களுக்கும் பொருந்தும். ஜூனியர் பேட்ச் புதிய ரெகுலேஷனில் இருந்தால், அவர்கள் முன் செமஸ்டர்களில் படித்து நீங்கள் படிக்காத பாடங்களைக் கூடுதலாக எழுத வேண்டியிருக்கும். எந்தெந்தப் பாடங்கள் என்று பல்கலைக்கழகம் எழுத்தில் தரும். அதற்கான விண்ணப்பத்தைச் சேர்ந்த செமஸ்டரின் தொடக்கத்திலேயே கொடுங்கள். இறுதியாண்டில் போய் "இந்த ஒரு பேப்பர் பாக்கி" என்று கண்டுபிடிப்பவர்களின் வேதனை சாதாரணமானதல்ல.

கேம்பஸ் இன்டர்வியூவில் படிப்பில் ஏன் ஒரு வருட இடைவெளி என்று கேட்பார்கள். "மருத்துவ சிகிச்சை, பல்கலைக்கழக அனுமதியோடு" என்று சொல்லி ஆணையின் நகலைக் காட்டினால் பெரும்பாலும் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். அந்த ஆணையைப் பட்டச் சான்றிதழோடு சேர்த்தே வையுங்கள்.

மீண்டும் சேர்ந்த பிறகு வரும் முதல் தேர்வு முடிவைக் கூர்ந்து பாருங்கள். விட்டுப்போன செமஸ்டருக்கு எதிரே வருகைக் குறைவைக் குறிக்கும் எஸ்.ஏ. என்ற எழுத்து வந்திருந்தால், அனுமதி ஆணை பதிவில் ஏறவில்லை என்று பொருள். ஆணையின் நகலை இணைத்து, முதல்வர் வழியாகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு அந்த வாரமே எழுதுங்கள்.